பூசணிக்காய்க்குப் பெட்டரி போட்ட காரணம்

ஹந்தானை
04.11.2025

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும். குறையாவிட்டால் எண்ணெயை விட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள்.

"பிள்ளைகளுக்குப் பேய் பழக்குறியாமே, மண்டபச் சாவியத் திருப்பிக் குடு" என்று போனில் சொன்னீர்கள். நீங்கள் பொறுப்பேற்று எனக்கு வாங்கித் தந்த சாவிதான். கொடுத்தால் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் மாலை வகுப்பு அன்றோடு முடியும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஆங்கிலப் பாடத்தில் ஹாலோவீன் வந்தது. நான் லிஃப்ட் திருத்துகிறவன், அரைகுறை வேலை எனக்கு ஆகாது. அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாளில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று நம்பியதையும், கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்ததையும், அமெரிக்காவுக்குப் போனபின் அது பூசணிக்காய் ஆனதையும், ஏழைகள் வீடுவீடாகப் போய்ச் செத்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு கேக் வாங்கியதையும் வரிசையாகச் சொன்னேன். செயல்முறை இல்லாமல் என்ன பாடம் என்று வெள்ளிக்கிழமை ஒரு பூசணிக்காயில் கண்ணும் பல்லும் வெட்டி, பெட்டரியும் சிவப்பு பல்பும் பொருத்தி, ஆள் வந்தால் எரியச் சென்சரும் போட்டு மண்டப வாசலில் வைத்தேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போகும் பாதை அது என்று யோசிக்கவில்லை, என் பிழைதான். சாக்கோடு வந்த பேச்சியம்மா அக்கா, யாரோ பேயோட்டிக் கழிப்புக் கழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று நின்றுவிட, பின்னால் வந்த முப்பது பேரும் தாண்டாமல் நின்றார்கள். நான் பெட்டரியைக் கழற்றிக் காட்டினேன்.

"பேய்க்கு வயர் இழுத்த மொத ஆளு நீதாண்டா. இரு, ஒங்க பெரியப்பாகிட்ட சொல்றேன்" என்றார் அக்கா.

சொல்லிவிட்டார். மிச்சத்தைச் சொல்லவில்லை. ரமேஸ் அண்ணன் மகள் சுகிர்தா முன்னால் போய், "அவுங்க ஊர்லயும் செத்தவங்க வருவாங்க அத்தே, கேக்கு வைப்பாங்க" என்றாள்.

"வெறும் கேக்கா? சுருட்டு, சாராயம் இல்லாம எவன் வருவான்? எங்க மாமனாரு வந்தா கருவாடுதான் கேப்பாரு" என்றபடி அக்கா தாண்டிப் போனார். முப்பது பேரும் தாண்டினார்கள்.

மறுநாள் பிள்ளைகள் கொப்பியோடு வீடுவீடாகப் போய், உங்கள் வீட்டில் செத்தவர் யார், எந்த மலையில் வேலை செய்தார், என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வீடு, செத்தவருக்குப் பிடித்த பண்டம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. கொப்பியில் பத்தொன்பது பெயர் இருக்கிறது. இந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பைப் பற்றி யாரும் எழுதிய சரித்திரம் அது ஒன்றுதான். நேற்று வகுப்புக்குப் பதினேழு பிள்ளைகள்.

சாவியைத் தரமாட்டேன். கோபம் தீராவிட்டால் நேரில் வந்து திட்டுங்கள், பகல் சாப்பாடு இங்கே. பெரியம்மாவுக்கு என் வணக்கம், வீட்டுச் சின்னதுகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்
இளங்கோ

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. பேச்சியம்மா அக்கா மிச்சத்தையும் உங்களுக்குச் சொல்லிவிட்டாராம். நீங்களும் அங்கே உங்கள் புசல்லாவை ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து இரண்டு பூசணிக்காயை வெட்டி, மேல்மூடியை உள்ளே விழவிட்டு வீணாக்கிவிட்டீர்களாம். அப்படியென்றால் மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள், மூடி விழாது.