றேமண்ட் சிபாரிசு செய்த கசெற்

செய்தி வந்தது பின்னேரம் ஐந்து மணிக்கு. றேமண்ட் வந்தது ஐந்தரைக்கு, பையில் மூன்று கசெற்றுகளோடு.

துக்க வீட்டுக்குக் கசெற்றோடு வருகிறவரும் உண்டா என்று கேட்கிறீர்களா? அப்படியானால் 'கட்டாயம் கேள்' இனத்தை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை. இவர்கள் பாட்டுக் கேட்பவர்கள் அல்லர், கேட்க வைப்பவர்கள். கொட்டாஞ்சேனை றேமண்ட் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர். மாலுமிகளைக் கெஞ்சியும் ரொறன்ரோவிலிருக்கும் மச்சினனை நச்சரித்தும் புதிதாக வந்த பாட்டு அல்பங்களையெல்லாம் எடுப்பித்து, ஞாயிறு பூசை முடிந்ததும் சோல் பாட்டு, பஸ்ஸில் ஹிப் ஹொப், கரண்ட் போன நேரத்தில் ஜாஸ் என்று ஊருக்கே பத்தியம் வகுத்திருந்தார். கரண்ட் இல்லாமல் ஜாஸ் எப்படி? வாயாலேயே சக்சபோன் வாசிப்பார். இந்த வருடம் கேட்க வேண்டியவை எட்டே எட்டு என்று விரல் மடிக்கத் தொடங்குவார். இரண்டு கையும் காணாமல் போகும்.

சரி, போடுங்கள், கேட்போம் என்கிறீர்கள். அங்கேதான் தவறு. கசெற் ஓடத் தொடங்கியதும் அவரும் தொடங்குவார். ஒரு விரலை உயர்த்தி, "இப்ப வரும், இப்ப வரும்" என்பார். வந்ததும் அதைப் பற்றிப் பேசுவார். பேச்சில் அது போய்விடும். ரீவைண்ட். கொச்சிக்கடைச் சோதனைச் சாவடியில் பையைக் கிளறி இதெல்லாம் என்னவென்று கேட்ட ஆமிக்காரனுக்கு, இந்த ஹிப் ஹொப் பொடியன்கள் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து துண்டு வெட்டி ஒட்டும் விதத்தைச் சிங்களத்தில் விளக்கப் போய், கடைசியில் அவனே கும்பிட்டு அனுப்பினானாம்.

இந்த இனத்துக்கு உலகில் இரண்டு வகைக் கசெற்றுகள்தான் உண்டு. ஒன்று, தாங்கள் சிபாரிசு செய்தது. மற்றது, வெறும் கசெற்.

வெள்ளவத்தையில் றேமண்டின் நண்பர் ஸ்ரீஸ்கந்தராசா வீட்டு அலுமாரியில் பெயர் எழுதாத கசெற் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா அன்னபாக்கியம் பேசி அனுப்பியது. சண்டை தொடங்கியதிலிருந்து அங்கே கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அத்தான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய கசெற் றேடியோவில் பதிந்த குரல். வீடு சோதிக்க வருகிற பொலிஸுக்கு யார், எந்த ஊர், என்ன பேச்சு என்று பதில் சொல்ல முடியாதென்பதால் அதில் பெயர் எழுதவில்லை. அதன்மேல் யாரும் வேறெதையும் பதிந்துவிடாதபடி முதுகிலிருந்த சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகளை மட்டும் உடைத்து வைத்திருந்தார்.

அந்த அக்கா காய்ச்சலில் போய்விட்டார், எல்லாம் முடிந்து இரண்டு கிழமை என்று யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பிரேதமில்லாத துக்க வீடு. அழுவதற்கும் எதிரே ஒன்றுமில்லை.

"அக்காவின்ர குரலை ஒருக்காக் கேப்பம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி கௌரி. துக்க வீட்டில் றேடியோ போடலாமா என்ற கேள்வி எழுந்தது. இது பாட்டில்லை, பேச்சுத்தானே என்று மேல்வீட்டுக் கனகேஸ்வரி மாமி தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் பாயில் நெருங்கி உட்கார்ந்தார்கள். கௌரி அந்தக் கசெற்றைப் போட்டுப் பொத்தானை அமத்தினார்.

ட்ரம்ஸ் விழுந்தது. அதன்மேல் ஓர் அமெரிக்கப் பொடியன் மூச்சுவிடாமல் பேசத் தொடங்கினான்.

றேமண்டின் விரல் தன்பாட்டில் உயர்ந்தது. "இப்ப பேஸ் கிற்றார்..."

விரல் அப்படியே நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீஸ்கந்தராசா கொழும்பில் இருப்பதற்கான பொலிஸ் பதிவுக்குப் போயிருந்த நேரம், அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டிய இரவல் அல்பத்தோடு வந்து, வெறும் கசெற் தேடி, பெயரில்லாத ஒன்றைக் கண்டு, உடைந்த இடத்தில் செலோடேப் ஒட்டித் திரும்பப் பதியக்கூடியதாக்கி, நண்பனுக்கு அன்பளிப்பாகப் பதிந்து வைத்தவர் அவர்தான். நண்பன் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். றேமண்ட் தந்ததை யார் கேட்டார்கள்?

அவர் கை பொத்தானுக்குப் போனது.

"தொடாத" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"மச்சான், அல்பம் சின்னன்." றேமண்ட் கையை இழுத்துக்கொண்டார். "அக்கா எவ்வளவு நேரம் கதைச்சவ?"

"பக்கம் முழுக்க."

"அப்ப கடைசியில அவவின்ர குரல் கொஞ்சம் மிஞ்சும். ஓட்டிப் பாக்கட்டா?"

"நீ ஓட்டின வரைக்கும் காணும். அது தானா ஓடட்டும்."

ஓடியது. மாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாரோ கொண்டுவந்த தேநீர் ஆறியது. றேமண்டின் சிபாரிசு ஒன்று, அவருடைய விளக்கமில்லாமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்கப்பட்டது சரித்திரத்தில் அன்றுதான். முடிவில் ஒரு சக்சபோன் தனியே நின்று, எதையோ சொல்ல வந்து சொல்லாமல், அடங்கியது. ஒரு 'டக்'. பிறகு பெடல் சுற்றும் இரைச்சல்.

"...இவருக்கும் கை உளையுதாம் தம்பி, சுத்திக் களைச்சுப் போனார். மிச்சத்தை அடுத்ததில சொல்லுறன் என்ன."

அவ்வளவுதான். றேமண்ட் அழுதார். மற்றவர்கள் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

நீங்கள் இந்த இனமில்லை என்று ஆறுதல்பட வேண்டாம். இது தொற்றும். அடுத்த மாதம் பம்பலப்பிட்டிக் கந்தோரில், தன் தாயின் சுகவீனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த சக ஊழியர் தாஸிமை இடைமறித்து, கடைசியில் ஒரு சக்சபோன் வரும், கட்டாயம் கேட்க வேண்டும் என்று ஸ்ரீஸ்கந்தராசா சொன்னார். விரலும் உயர்ந்திருந்தது. கடைசியாக யாருடைய பேச்சின்மேல் நீங்கள் உங்கள் பாட்டைப் பதிந்தீர்கள்?

அந்தக் கசெற் மறுபடியும் அலுமாரியில்தான் இருக்கிறது. முதுகில் ஒட்டிய செலோடேப்பை உரிக்க றேமண்ட் அன்றே நகத்தால் தொடங்கினார். பாதி உரிந்தபடி இருக்கிறது.