சாத்தானுக்கு ஒரு கடிகாரம்

வலது கோபுரத்தின் சுழல்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதே கோயிலைத் திறந்து மூடி மணியும் கடிகாரமும் பார்க்கிற கோயில்பிள்ளை நேனுவுக்கு இரண்டு முழங்காலும் வலித்தன. கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த கோடை நேரம் அன்றோடு முடிகிறது. ஞாயிறு விடிவதற்குள் மால்டா முழுக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்க வேண்டும், எங்கள் ஊரான ஹால் கெர்மாவின் கோயிலில் இருப்பதும் சேர்த்து.

வீட்டுக் கடிகாரமென்றால் முள்ளைத் திருகிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கோபுரக் கடிகாரத்தைப் பின்னால் திருகினால் பல்சக்கரம் உடைந்துவிடும். பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் புறா எச்சத்துக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்து, மறுபடி ஆட்டிவிட வேண்டும். அதுவும் ஒரு கடிகாரமா, இரண்டு.

எங்கள் தீவில் கோயிலுக்கு இரண்டு கோபுரம், கோபுரத்துக்கு ஒரு கடிகாரம். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது வேண்டுமென்றே தப்பாகக் காட்டும். அந்தத் தப்பு நேரம் சாத்தானுக்கு. பூசையைக் கெடுக்க வருகிறவன் அதைப் பார்த்து ஏமாந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வந்து அசடு வழிய வேண்டும் என்று முன்னோர்கள் செய்த ஏற்பாடு. எங்கள் ஊரில் வலது கடிகாரம் நமக்கு, இடது கடிகாரம் அவனுக்கு. இடது எப்போதும் ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடும்.

மறுநாள் பத்து மணிப் பூசைக்கு ஆயர் வருகிறார். பங்குத்தந்தை டுன் அல்வீஜ் காலையிலேயே நேனுவைக் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

"மணி விஷயத்துல ஏதாவது பிசகுச்சுன்னா சாவிய வச்சிட்டுக் கிளம்பிடு."

கோயில்பிள்ளைக்கு வீடு கோயிலோடது. சாவி போனால் வீடும் போகும். மனைவி சென்சா அந்த வாரம்தான் சமையலறைக்கு வெள்ளையடித்து, புது அடுப்பும் வைத்திருந்தாள்.

அங்கேயே நின்று முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தபோது நேனுவின் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல. இடது கடிகாரம் ஏற்கெனவே ஒரு மணி நேரம் பின்னால்தானே ஓடுகிறது? நாளைக்கு அதுதானே சரியான நேரம்? வலது கடிகாரத்தை அப்படியே விட்டால் அது தப்பு நேரமாகிவிடும். இரண்டையும் தொடவே வேண்டாம். நாளையிலிருந்து ஊர் இடதைப் பார்க்கட்டும், சாத்தான் வலதைப் பார்க்கட்டும்.

நேனு போய் இதைச் சொன்னபோது டுன் அல்வீஜ் ஆயருக்கு வைக்கப்போகும் முயல் குழம்புக்கு எந்த ஒயின் என்ற யோசனையில் இருந்தார். "நேரம் சரியா இருந்தாச் சரி" என்றார். மாலைப் பூசை முடிவில் நேனுவே அதை ஊருக்கு அறிவித்தான்.

அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றுவதற்குள் வெடிச் சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் புனிதர் திருவிழாவுக்கு வாத்தியம் வாசிக்க இரண்டு பேண்டு கிளப். சதுக்கத்தின் வலது பக்கம் ரோக்கு புனிதருடையது, இடது பக்கம் கத்தரீனா புனிதையுடையது. இரண்டு தரப்பும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுப்பதில்லை, ஒருவர் கடையில் ஒருவர் உப்புகூட வாங்குவதில்லை. இடது கோபுரம் தங்கள் பக்கம் இருப்பதால் கத்தரீனாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக "சாத்தான் நேரக்காரங்க" என்று பேச்சு வாங்கி வந்தார்கள். இன்றைக்கு உண்மை அவர்கள் கோபுரத்துக்கு வந்துவிட்டது. விடுவார்களா? திருவிழாவுக்கு வைத்திருந்த வெடியையெல்லாம் எடுத்துக் கொளுத்தினார்கள்.

ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக ரோக்கு கிளப்பின் தலைவர், கசாப்புக்கடை வித்தோர், நேனுவின் வாசலில் நின்றார். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"யோவ் நேனு, எங்க கடிகாரம் சாத்தானுக்கா?"

"இல்லண்ணே, ஒரு குளிர்காலத்துக்குத்தான்."

"ஒரு குளிர்காலமோ ஒரு நிமிஷமோ, நாங்க எங்க கடிகாரத்தப் பாத்துத்தான் பூசைக்கு வருவோம். ஆயர் வர்றப்ப பாதிக் கோயில் காலியாத்தான் இருக்கும். அப்புறம் உன் சாவி என்னாகும்னு பாத்துக்க."

நேனு கோபுரச் சாவியை எடுத்தான். முழங்காலைத் திட்டிக்கொண்டே வலது கோபுரம் ஏறினான். பெண்டுலத்தை நிறுத்தி, புறாக்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆட்டிவிட்டு இறங்கினான். வலதும் சரி, இடதும் சரி. இரண்டு தரப்புக்கும் மரியாதை. இதை ஏன் நேற்றே செய்யவில்லை என்று தன்னையே நொந்துகொண்டான்.

கீழே சென்சா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"இங்க பாருங்க, ரெண்டும் சரியான நேரம் காட்டுதே. அப்ப அவனுக்கு எது?"

அது நேனுவுக்குத் தோன்றவே இல்லை. சதுக்கத்தில் அதற்குள் பெண்கள் கூடிச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயரும் சாத்தானும் ஒரே நேரத்துக்கு வந்து நின்றால் யாரை முதலில் உட்காரவைப்பது என்று ஒருத்தி கேட்டாளாம். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பூசைக்கே வரமாட்டோம் என்று திரும்பி நடந்தார்கள்.

வேறு வழியில்லை. இடது கோபுரமும் ஏறினான். அதையும் ஒரு மணி நேரம் நிறுத்தி ஆட்டிவிட்டான். எல்லாம் பழையபடி வலது நமக்கு, இடது அவனுக்கு. மொத்தத்தில், நேற்று மாலை செய்ய வேண்டிய வேலையை அப்படியே செய்து முடித்திருந்தான். என்ன, நடுவில் ஓர் அறிவிப்பு நடந்துவிட்டது.

கடைசிப் படியில் கத்தரீனா கிளப்பின் தலைவி, ரொட்டிக்கடை ஃபிலுமெனா, அடுப்பில் ரொட்டி தள்ளும் நீளக் கட்டையோடு காத்திருந்தாள். பின்னால் அவள் கிளப்பே நின்றது.

"குடுத்தத ஒரு நாள் தாண்டறதுக்குள்ள பிடுங்கிட்டியேப்பா. எங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? வித்தோர் எவ்வளவு கறி குடுத்தான்?"

கறியும் இல்லை, எலும்பும் இல்லை என்று நேனு சத்தியம் செய்தான். யாரும் கேட்பதாயில்லை. எதிர்ப்பக்கம் வித்தோரின் ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். டுன் அல்வீஜ் சத்தம் கேட்டு வெளியே வந்தார், முயல் குழம்பு வாசனையோடு. இரண்டு கடிகாரத்தையும் மூடு என்றார். திருவிழாவுக்குத் தொங்கவிடும் சிவப்புப் பட்டுத் துணியை இரண்டு கோபுரத்திலும் இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

துணி கட்டியதும் ஊரில் யாருக்கும் நேரமே இல்லாமல் போயிற்று. பத்தாகிவிட்டது என்றான் ஒரு ரோக்குக்காரன். அவன் சொன்னதற்காகவே பத்தாகவில்லை என்றது இடது பக்கம். ரேடியோ எந்தக் கிளப்பில் இருக்கிறது என்று கேட்டார்கள். அது ரோக்கு கிளப்பில் இருந்தது, ஆகவே அதுவும் பொய். கிளாரினெட்காரர் ஒருவர் ஆயரை வரவேற்க ஒத்திகை பார்த்தார். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு எதிர்த் தரப்பு டிரம்பெட் ஊதியது. அதற்குப் பிறகு யார் யாரை முதலில் அடித்தார்கள் என்பது இன்றுவரை தீரவில்லை. பஸ்திட்சிப் பலகாரத் தட்டு ஒன்று சதுக்கத்துக்கு மேலே பறந்ததை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

நேனு கோயில் படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். ஆயரின் கார் எந்த நிமிடமும் வரலாம். புது அடுப்பை எப்படிக் கழற்றுவது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தபோது அவனுக்கு அழுகையே வந்தது.

"வணக்கம். பூசை பத்து மணிக்குத்தானே?"

கடைசிப் படிக்குக் கீழே கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் நின்றிருந்தார். மிக மரியாதையான ஆள். ஆயரின் செயலாளர் முன்னால் வந்துவிட்டார் என்று நேனுவுக்குப் புரிந்துபோயிற்று. தடுமாறி எழுந்து உள்ளே வரச் சொன்னான். இங்கேயே சௌகரியம் என்று அவர் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். தீர்த்தத் தொட்டியைக் காட்டினான், சிரித்தபடி வேண்டாமென்றார். சென்சா அப்போதுதான் கொதித்த டீயைக் கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்தாள். அவர் ஊதக்கூட இல்லை, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இதமாக இருக்கிறது என்றார்.

நேனு அவர் முன் கைகூப்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முழங்காலை, அறிவிப்பை, இரண்டு கோபுரத்தை, அடுப்பை. தயவுசெய்து மேலே எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினான். அவர் சதுக்கத்துச் சண்டையை ரசித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எதுக்குப் பயப்படறீங்க? உங்கள மாதிரி ஒரு கோயில்பிள்ளைய நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல. இந்த வேலைலேர்ந்து உங்கள யாரும் எடுக்காம நான் பாத்துக்கறேன்."

நேனுவுக்கு உயிர் வந்தது. வீடு தப்பியது, அடுப்பு தப்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணி மூடிய இரண்டு கோபுரங்களையும் பெருமையாகக் காட்டினான்.

"ஊருக்கே மணி தெரியல. நீங்க மட்டும் எந்தக் கடிகாரத்தப் பாத்து இவ்வளவு கரெக்டா வந்தீங்க?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கடிகாரத்த நான் என்னைக்குப் பாத்தேன், நேனு? இந்த ரெண்டு கோபுரமும் கட்டுன நாள்லேர்ந்து, உங்க ஊர்ச் சண்டைச் சத்தம் கேட்டுத்தான் நான் வந்துக்கிட்டிருக்கேன்."