மொட்டைமாடி மதாம்

இனிமேல் இந்த வீட்டில் துணி துவைப்பதற்குச் சட்டம் உண்டு என்று செல்வநாதன் அறிவித்தார். காவிச் சட்டையோடு ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலிருந்து திரும்பி வந்த கையோடு அறிவித்தார்.

அந்தச் சட்டை கடையில் வாங்கும்போது காவி இல்லை. வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற வழியில் மாடி அறையில் தங்கிய கூட்டம் ஒன்று, தங்கள் காவி வேட்டிகளை வாஷிங் மெஷினில் போட்டு ஒரு சுற்று சுற்றியது. உள்ளே அவருடைய சட்டையும் கிடந்தது. மாதா கோயில் வாசலில் பங்குச் சாமியார் அவரை மேலும் கீழும் பார்த்து, "இந்த வயசுல பாதயாத்திரையா? சுகர் வேற இருக்கே உங்களுக்கு" என்று உருகிவிட்டார்.

காரைக்கால் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கிறது அந்த வீடு. கீழே செல்வநாதனும் அவர் மனைவி ஜெயமேரியும். மகள் ஜெர்லின் கல்யாணமாகிப் போனபிறகு மாடி அறை சும்மா கிடந்தது. அதை ஜெயமேரிதான் போன் ஆப்பில் போட்டு, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தாள். அறை அவர்களுக்கு. மெஷின், மொட்டைமாடி, துணிக்கொடி மூன்றும் பொது. திருநள்ளாற்றுக் குளத்தில் முழுகியவர்கள், நாகூர் தர்காவுக்கு வந்தவர்கள், வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் என்று மூன்று மதத்து ஈரத்துணியும் ஒரே கொடியில் ஒற்றுமையாகக் காய்ந்தன. ஒற்றுமை இல்லாதவர் செல்வநாதன் ஒருவர்தான்.

அரசாங்க அலுவலகத்தில் காலமெல்லாம் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர் அவர். அட்டை ஒன்றை எடுத்தார். கடல்மணலை உதறிவிட்டுத் துணியை மெஷினில் போடவும். சாயம் போகும் துணியைத் தனியாகத் துவைக்கவும். உள்ளாடைகளைத் தெருவைப் பார்த்துக் காயப்போடாதீர். பொழுது சாய்ந்தபின் கொடியில் எந்தத் துணியும் இருக்கக்கூடாது.

இந்தக் கடைசிச் சட்டம்தான் அவருக்கு முக்கியம். சாயங்காலம் மொட்டைமாடியில் பிரம்பு நாற்காலி போட்டுக் கடல்காற்று வாங்குவது அவர் வழக்கம். ஊரார் ஜட்டி மூஞ்சியில் அடிக்காமல் காற்று வாங்க வேண்டும் என்பது அவர் லட்சியம்.

ஜெயமேரி அட்டையைப் படித்தாள்.

"எல்லாம் சரிங்க. பெட்ஷீட்ட யாரு துவைக்கிறதுன்னு ஒரு சட்டம் போடுங்க."

"அது விருந்தாளிச் சட்டத்துல வராதும்மா. அது வீட்டு நிர்வாகம்."

"நிர்வாகி யாரு?"

"நான்தான்."

"துவைச்சு, தூக்கிட்டுப் போயி, காயப்போடுறது?"

"அது செயலாக்கம். மெஷின்தானே துவைக்குது?"

"மெஷின் மாடிப்படி ஏறுமா? ஈர பெட்ஷீட்ட வாளியில தூக்கிட்டு ஏறி எறங்கி எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு."

"தைலம் தேய்ச்சுக்க."

ஜெயமேரி அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் செல்வநாதன் அதைப் படித்துக்கொள்ளவில்லை.

அட்டையை மாடியில் மாட்டினார். சட்டைக்குப் போட்ட சட்டத்தை யாரும் சட்டை செய்யவில்லை.

மழைக்கு நடுவே வாடை திரும்பிய மாதத்தில் ஷரீபுன்னிசா வந்தாள். கூத்தாநல்லூர்க்காரி, பள்ளிக்கூட டீச்சர். காரைக்காலில் ஏதோ பயிற்சி, அதற்காகத் தங்க வந்தவள். வந்த அன்றைக்கே ஜெயமேரியை அக்கா என்று கூப்பிட்டாள். இடியாப்பமும் குருமாவும் மேலும் கீழும் போய்வந்தன. எல்லாம் நல்லபடி இருந்தது. ஆனால் பயிற்சி முடிந்து வந்து சாயங்காலம்தான் துவைப்பாள். பொழுது சாயும் நேரத்தில் கொடி நிறையக் காயப்போடுவாள்.

"என்ன டீச்சர், அட்டையப் படிக்கலியா?"

"படிச்சேன் சார். ஏன் பொழுது சாஞ்சா காயப்போடக்கூடாது? காரணம் போடலியே."

சுற்றறிக்கைக்குக் காரணம் கேட்டவர்களை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. காற்று வாங்க என்று சொல்லவும் கூச்சம். கடலைப் பார்த்தார். மசங்கிய வெளிச்சம், ஆளில்லாத கரை. வாயில் தானாக வந்தது.

"மதாம் வருவாங்க."

"யாரு?"

"பிரெஞ்சுக்காரன் காலத்துல இந்த மனையில இருந்த வெள்ளைக்கார மதாம். கல்யாணத்துக்குத் தைச்ச வெள்ளை கவுனைத் துவைச்சு மாடியில காயப்போட்டிருக்காங்க. கடல்காத்து தூக்கிட்டுப் போயிருச்சு. அதத் தேடிக் கரைக்குப் போனவங்கதான், திரும்பி வரல. இன்னைக்கும் பொழுது சாஞ்சா வந்து, கொடியில கெடக்குற துணிய ஒண்ணொண்ணா தடவிப் பாப்பாங்க. தன்னோடதான்னு."

ஷரீபுன்னிசா மூச்சுக் காட்டாமல் துணிகளை உருவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். செல்வநாதன் துணிக்கொடியில் வெற்றிக்கொடி பறக்கவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ராத்திரி இட்லிக்கு நடுவே ஜெயமேரியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். சட்னி மட்டும் வைத்தாள்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, தெருவிளக்கு போடுவதற்கு முன்னால் அவர் மாடிக்குப் போனார். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை தலைவிரித்து ஆடியது. கொடியில் ஒரே ஒரு துணி கிடந்தது.

வெள்ளை. நீளம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை இறங்கும் அங்கி. இரண்டு கைகளையும் விரித்துக் கொடியோடு கிளிப் போட்டிருந்தது. கைகளை நீட்டிக்கொண்டு யாரோ நிற்கிறமாதிரி. ஊரே காற்றில் ஆடும்போது அது மட்டும் ஆடவில்லை. அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு. நிறுத்தம். சொட்டு.

"டீச்சர்" என்று கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. படியில் இரண்டிரண்டாக இறங்கி அடுப்படிக்குப் போனார்.

"மேரி! வா! மேல வா!"

"இருங்க, கால் வலி, மெதுவாத்தான் வருவேன்."

மெதுவாகத்தான் வந்தாள். ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் ஏறி முடிப்பதற்குள் ஒரு பேய் நாகப்பட்டினமே போய் வந்துவிடலாம்.

கொடி காலி. அடியில் மட்டும் தரை ஈரமாக இருந்தது.

ஷரீபுன்னிசா கதவைத் திறந்து, கையில் பாடப்புத்தகத்தோடு எட்டிப் பார்த்தாள். "என்ன சார் சத்தம்?"

"கொடியில... வெள்ளையா... உங்களுதா?"

"நீங்க சொன்னதுலேர்ந்து நான் இந்தப் பக்கமே வர்றதில்ல சார்."

கீழே வந்து செல்வநாதன் தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் பட்டுத் தாளம் போட்டது.

"மேரி, அது நானா கட்டிவிட்ட கதை."

"கட்டினது நீங்க. அது உங்க வாயில வந்தது யாரு சொல்லி?"

அவர் யோசித்தார். உண்மையில் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அது விட்டுவிட்டு வந்தது. ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வந்தால் அதே இடம், அதே விரித்த கை, அதே சொட்டு. அவர் நாற்காலி மாடியில் தனியாகக் காற்று வாங்கியது. எதிர்வீட்டு செந்தில்குமார் ஒருநாள் பால் வாங்கும்போது, "என்னண்ணே, புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா? நேத்து சாயங்காலம் உங்க மாடியில வெள்ளையா ஒரு அம்மா நின்னுச்சே" என்றான். பால் பாக்கெட் கைநழுவியது. அதை எடுக்காமலே செல்வநாதன் வீட்டுக்குள் போனார்.

"இதுக்கு ஒரு வழி சொல்லு மேரி."

ஜெயமேரி ஷரீபுன்னிசாவைப் பார்த்தாள். ஷரீபுன்னிசா கன்னத்தில் கை வைத்து யோசித்தாள்.

"எங்க ஊர்ல ஒரு வீட்டுல இப்படித்தான் சார். பொம்பள கை பட்ட துணியத்தான் அது தேடி வரும். ஆம்பளை துவைச்சு, ஆம்பளை பிழிஞ்சு, ஆம்பளை காயப்போட்டா, இது நம்ம துணி இல்லன்னு போயிரும்னு சொல்லுவாங்க."

"உங்க ஊர்ல அது போயிருச்சா?"

"போயிருச்சு. இப்ப அந்த வீட்டுல ஆம்பளைங்கதான் துவைக்கிறாங்க."

மறுநாள் காலை செல்வநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்ஷீட்டைப் பிழிந்தார். பெட்ஷீட்டும் அவரைப் பிழிந்தது. ஈரவாளியைத் தூக்கிக்கொண்டு படியேறியபோதுதான் அந்தப் படிகள் எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. பாதிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். கீழே நின்ற ஜெயமேரி, "தைலம் எடுத்தாரட்டுமா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் கொடி சுத்தம். மறுநாளும் துவைத்தார், மறுநாளும் சுத்தம். இடுப்பு வலிக்கிறது என்று ஒருநாள் படுத்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் மேலே போய்ப் பார்த்தார். கைகளை விரித்துக்கொண்டு நின்றது.

அதோடு இடுப்புக்கு ஓய்வு கிடையாது என்று தீர்ந்தது. பெட்ஷீட், தலையணை உறை, டவல், கால்மிதி எல்லாம் அவர் பொறுப்பு. எந்தச் சோப்பில் காவிச் சாயம் போகும் என்பதுகூட அவருக்கு இப்போது அத்துப்படி.

பயிற்சி முடிந்து வெள்ளிக்கிழமை ஷரீபுன்னிசா ஊருக்குக் கிளம்பினாள். சனிக்கிழமை மாடியில் ஆளில்லை, துவைக்கத் துணியும் இல்லை. செல்வநாதன் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, ஜெயமேரியோடு சாயங்காலப் பூசைக்குப் போனார். அன்று மனமுருகி வேண்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது மேற்கே வானம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கடல்கூடச் சத்தமில்லை. கேட்டைத் திறக்கப் போனவர் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மழையில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே, தெருவைப் பார்த்து, அது நின்றது. காற்றே இல்லை. ஆனால் இப்போது அது லேசாக ஆடியது.

ஜெயமேரி அவர் கையை இறுகப் பிடித்தாள். "ஏங்க... ஷரீபுகூட இல்லியே..."

அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

அன்று இருவரும் கீழ் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்வநாதன் மட்டும் சும்மா இருக்கவில்லை. அடுப்படித் துணி, கைக்குட்டை, ஜன்னலில் தொங்கிய திரைச்சீலை என்று அகப்பட்டதை எல்லாம் துவைத்தார். காலையில் ஜெயமேரிதான் முதலில் மேலே போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவேண்டும் என்று அடுத்த வாரம் அவர் பரணில் தேடினார். ஸ்டார் கிடைக்கவில்லை. ஒரு துணிப்பை கிடைத்தது. உள்ளே வெள்ளை அங்கி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை. பையைக் கீழே போட்டு, பரண் ஏணியில் தொங்கியபடியே "இயேசுவே" என்றார். பையிலிருந்து இன்னும் ஏதோ சரிந்து விழுந்தது. ஜிகினாத்தாள் ஒட்டிய இரண்டு சிறகுகள்.

பேய்க்குச் சிறகு முளைக்காது. அது கோயில் நாடகத்துக்கு ஜெயமேரி வருஷாவருஷம் தைக்கிற சம்மனசு அங்கி, வானதூதர் வேஷம். கபிரியேலாக நடிக்கிறவன் நெட்டையன் என்பதால் நீளமாகத் தைத்தது. இத்தனை நாளும் அவர் ஒரு சம்மனசைப் பார்த்துத்தான் நடுங்கியிருக்கிறார்.

ஒரு கையில் அங்கி, ஒரு கையில் சிறகு. அடுப்படியில் போய் நின்றார். ஜெயமேரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சாயம் வெளுத்துப்போச்சு மேரி!"

அவள் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "ஷரீபுதாங்க சொட்டச் சொட்ட நனைச்சு, ஆடாத மாதிரி காயப்போடுவா. நான் படியேறி வர்றதுக்குள்ள உருவி உள்ள வச்சிக்குவா."

"இனிமே என் கை தண்ணியில நனையாது!"

"சரிங்க."

சிறகைத் தாழ்த்தினார். "சரிங்கவா?"

"ஏமாத்தினது தப்புதானே. நாளையிலேர்ந்து நானே தூக்குறேன். ஒரே ஒரு சந்தேகம். சனிக்கிழமை போட்டது யாரு?"

"நீதான்! பூசைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி போட்டிருப்ப."

"எதைங்க போடுவேன்? இந்த அங்கி வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போயிருச்சு, நாடக ரிகர்சலுக்கு. திங்கட்கிழமைதான் வந்துச்சு, சிறகு ஒட்டித் தரச்சொல்லி." தேங்காய்மூடியைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நானும்தாங்க பயந்துட்டேன். வேணும்னா சாமியார்ட்ட கேட்டுப் பாருங்க."

செல்வநாதன் சாமியாரிடம் கேட்பதை மனசுக்குள் ஒருமுறை நடத்திப் பார்த்தார். ஏன் கேட்கிறீர்கள் என்பார் சாமியார். சம்மனசைப் பார்த்துப் பயந்து பெட்ஷீட் துவைத்த கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அது வரும். பெயர் சொல்லாவிட்டாலும் கோயிலே திரும்பி அவரைப் பார்க்கும்.

பொய்தான் சொல்கிறாள். நிச்சயம் பொய். அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அன்று ஒரு சொட்டு விழுந்த கையை அந்த அங்கியிலேயே துடைத்துக்கொண்டார்.

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. அங்கியையும் சிறகையும் நாற்காலியில் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் வாளியை எடுத்தார்.

"ஏங்க," என்றாள் ஜெயமேரி, துருவலிலிருந்து தலை நிமிராமல், "மேல் ரூம் தலகாணி உறையும் கெடக்கு. அதையும் சேத்துப் போட்டுருங்க."