நடுவட்டத்தில் மட்டும் மழை

ஒரு வாரமாகச் சொட்டு மழை கிடையாது. ஆனால் மழைமானியில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர்!

வழக்கம்போல் முட்டி போட்டு அளவு பார்த்த குமாரசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டான். நடுவட்டம் எஸ்டேட்டில் மழை அளக்கும் கிளார்க் அவன். இன்னும் டெம்பரவரிதான். அளவு பிசகாமல் இருந்தால் வேலை நிரந்தரம். பிசகினால் பொள்ளாச்சி ஜவுளிக்கடைக்கே திரும்ப வேண்டியதுதான். இந்த மூடுபனியை விட்டுவிட்டா? விடியலில் தேயிலைச் சரிவெல்லாம் பனி நிறைந்துவிட்டால், தான் நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே அவனுக்குத் தெரியாது.

"பக்கத்து எஸ்டேட்டுல எல்லாம் பூஜ்யம். உன்ற எஸ்டேட்டுல மட்டும் மேகம் குடியிருக்குதா?" குன்னூரிலிருந்து ஆபீசர் லிங்கசாமி போனில் கத்தினார்.

பார்வைதான் ஏமாற்றுகிறது என்று குமாரசாமி முடிவு கட்டினான். மானித் தண்ணீரை ஊற்றி மேடைமேல் வைத்த அளவுக் குழாயின் முன் தலையை இன்னும் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடி, தண்ணீர் மட்டத்துக்கு நேராகப் பார்த்தான்.

மறுநாள் எட்டு.

சரி, பல தடவை பார்த்துச் சராசரி எடுப்போம் என்று மூன்று வேளையும் முட்டி போட்டான்.

பதினைந்து!

கருவியில்தான் கோளாறு என்று இன்னும் இரண்டு மானிகளை வரவழைத்துப் பக்கத்தில் நட்டான். பனியில் யாரும் இடறி விழக்கூடாதே என்று சுற்றி வேலி போட்டுச் சிவப்புத் துணியும் கட்டினான். மறுநாள் ஓரத்து மானிகளில் இருபது, இருபத்திரண்டு. நடுவில் இருந்ததில் முப்பது. அட கண்றாவியே! ஆகாயம் அந்த ஒன்றின்மேல் மட்டும் இத்தனை ஆசை வைக்குமா?

திங்கட்கிழமை ஜீப்பில் லிங்கசாமியே வந்து இறங்கினார்.

"உன் மூட்டையைக் கட்டி வெச்சுட்டியா?"

"ஐயா, ஒரே ஒரு தடவை நீங்களே பாருங்க."

"நகரு." அவரும் முட்டி போட்டு ஒரு கண்ணை மூடினார்.

அப்போது பனிக்குள்ளிருந்து கொழுந்து பறிக்கும் மூக்கம்மா வந்தாள். கையில் சொம்பு. பின்னால் ஏழெட்டுப் பெண்கள், அவர்கள் கையிலும் சொம்பு. யாரையும் கேட்காமல் மூன்று மானியிலும் தண்ணீர் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

குமாரசாமி வேலியைத் தாண்டி ஓடி வந்தான். "ஐயோ! ஏனுங்க மூக்கம்மா, என்னங்க பண்றீங்க?"

"நீங்க மூணு வேளையும் முட்டி போட்டு வேண்டறதப் பாத்து மனசு கேக்கலீங்க தம்பி. உங்க வேலை பர்மனென்ட் ஆகோணும்னுதான் இந்தச் சாமிக்கு நாங்களும் ஆளுக்கொரு கை தண்ணி ஊத்தறோமுங்க!"