வெளிக்கை படாத துருபீன்

காரண்டி ஆசாமி என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். புது நாற்காலி வாங்கினால் சுற்றியிருக்கும் வைக்கோலைப் பிரிக்காமல் அதன்மேலேயே உட்காருவார். புதுக் குடை வாங்கினால் உறையைக் கழற்றாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நனைவார். சாமான் அவருக்குப் பெரிதல்ல. அது கெட்டுப்போனால் சீமையில் ஒருவன் பதில் சொல்வான் என்பதுதான் பெரிது. எப்போதுதான் கெடுமோ என்று காத்திருப்பார் என்றுகூடச் சொல்லலாம்.

ராயபுரத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் ஞானம். தொழில், கப்பல் துபாஷ். அதாவது துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கோழி, முட்டை, காய்கறி, குடிதண்ணீர் என்று சகலமும் பிடித்துக் கொடுப்பவர். இந்தத் தொழிலின் சூட்சுமம் ஒன்றே ஒன்று. கப்பல் தூரத்தில் தலைகாட்டும்போதே புகைக்கூண்டின் வர்ணத்தை வைத்து எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்து, மற்ற துபாஷ்களுக்கு முன்னால் படகில் போய் ஏணியைப் பிடித்துவிட வேண்டும். முதலில் ஏறியவனுக்கே ஆர்டர். அதற்காகத்தான் ஞானம் தூரத்தைக் கிட்டத்தில் காட்டும், ஜெர்மனியில் செய்த உயர்ந்த துருபீன் ஒன்றை வாங்கினார்.

சாதாரணத் துருபீனா அது? ஆயுசுக்கும் காரண்டி. திருகாணியின் மேல் சிவப்பு அரக்கு, அரக்கின் மேல் கம்பெனியின் கழுகு முத்திரை. முத்திரை உடையாதவரை எந்தப் பழுதானாலும் கம்பெனியே இனாமாகப் பார்த்துக் கொடுக்கும். வெளிக்கை பட்டால் காரண்டி ரத்து. தினமும் காலை ஜெபம் முடிந்ததும் ஞானம் தோல்பெட்டியைத் திறப்பார், மான்தோலால் துடைப்பார், கழுகைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார், பிறகே கடற்கரைக்குப் புறப்படுவார்.

"ஆயுசுக்குன்னா யாரு ஆயுசுக்கு நைனா? உனுக்கா, அதுக்கா?" என்று படகுக்காரன் அப்பாவு ஒரு தடவை கேட்டுவிட்டான். ஞானம் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

ராயபுரத்து உப்புக்காற்றுக்குக் காரண்டி வாசிக்கத் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை படர்ந்தது. ஞானத்தின் முகத்தில் அன்று தெரிந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மவுண்ட் ரோட்டு ஏஜெண்டிடம் ஓடினார். துருபீன் கப்பலேறி ஜெர்மனிக்குப் போயிற்று. மாதக்கணக்கில் ஞானம் காலிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரையில் நின்றார். அங்கே துடைத்து, புதுக் கழுகு வைத்து அனுப்பினார்கள். அது வரும் வழியில் செங்கடலில் வெந்து, அரபிக்கடலில் ஈரத்தைக் குடித்து, வீட்டில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பழைய மூட்டம் அப்படியே இருந்தது.

"பாத்தியா, இனாமா செஞ்சி குட்த்துட்டான்" என்றார் மனைவியிடம்.

"இன்னா செஞ்சான்?" என்று கேட்டாள் சிலுவையம்மாள்.

"முத்திரை புச்சு."

பக்கத்துக் கல்மண்டபம் கடைத்தெருவில் அலி அக்பர் என்று ஒருவர் மூக்குக்கண்ணாடியும் கடிகாரமும் ரிப்பேர் பார்த்து வந்தார். தான் சரிசெய்த ஒவ்வொரு கடிகாரத்தின் சரித்திரத்தையும் தெருவில் போகிறவரை நிறுத்திச் சொல்கிற மனுஷர். அந்தத் துருபீனைக் கண்டாலே அவருக்குக் கை அரிக்கும். ஒரு திருகு, ஒரு துடைப்பு, டீ ஆறுவதற்குள் கொடுத்துவிடுகிறேன் என்பார். வெளிக்கை படக்கூடாது பாய் என்று ஞானம் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்வார்.

அப்போதுதான் அந்தக் கப்பல் வந்தது. கறுப்புக் கூண்டில் இரட்டைச் சிவப்புப் பட்டை போட்ட புதுக் கம்பெனி. எந்தத் துபாஷுக்கும் இன்னும் வசப்படாதது. ஞானம் மூட்டத்தின் வழியாகப் பார்த்தார். அதோ என்றார். அது துறைமுகத்து மண்வாரிக் கப்பல் என்று அப்பாவு சொல்லிப் பார்த்தான். வெறுங்கண்ணால் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? படகு போயிற்று. கோழிக்கூடை, எலுமிச்சங்கூடை, வாழைத்தார், கப்டனுக்கு மாலை. ஏணியின் மேலிருந்து எட்டிப் பார்த்தவர் மண்வாரியை ஓட்டும் சாரங்கு, அடுத்த தெரு லட்சுமணன். மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார், இரண்டு பழம் உரித்தார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். நிஜக் கப்பலில் அதற்குள் போட்டித் துபாஷ் பொன்னுரங்கம் ஏறிவிட்டான்.

நல்லவேளை, அவன் கொடுத்த கோழி கிழடு. கப்டன் முகம் சுளித்தான். கல்கத்தா போய்த் திரும்பும்போது எவன் முதலில் ஏறுகிறானோ, கம்பெனியின் எல்லாக் கப்பலும் அவனுக்கே என்று சொல்லிவிட்டுப் போனான். அதையும் கோட்டைவிட்டால் ஞானம் தொழிலை மூடிவிட்டுப் பொன்னுரங்கத்திடமே கூடை எண்ணப் போகவேண்டியதுதான். இது ராயபுரத்தில் எல்லாருக்கும் தெரியும். சிலுவையம்மாளுக்கு நன்றாகவே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலைவலி வந்தது. ஞானம் மட்டும் பூசைக்குப் போனார். அன்றைக்குச் சாமியாரும் நீளமாகப் பிரசங்கம் செய்து புண்ணியம் கட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் கல்மண்டபத்தில் அலி அக்பர், சிலுவையம்மாள் முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டிய துருபீனைக் கையில் வாங்கியதும் முத்திரையைப் பார்த்துத் தயங்கினார். "உம் புருசன் என்னெக் கொன்னுடுவாரும்மா."

அவள் மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக் கழுகைத் தானே பெயர்த்தாள். "வெளிக்கை தானே படக்கூடாது பாய்? இது வூட்டுக் கை. இனிமே நீ பாரு. ஆனா வெளியே மூச்சு வுடக்கூடாது."

துடைத்து முடிந்ததும் அரக்கை உருக்கி ஊற்றி, கழுத்துச் சங்கிலியில் தொங்கிய மாதா சுரூபத்தை அதன்மேல் ஓர் அழுத்து அழுத்தினாள்.

மறுநாள் விடியலில், கல்கத்தாவிலிருந்து கப்பல் திரும்பும் வேளையில், துருபீனைக் கண்ணில் வைத்த ஞானம் அப்படியே நின்றுவிட்டார். கூண்டு, பட்டை, பட்டையில் ஒட்டிய கரி, எல்லாம் தெரிந்தது. "அப்பாவு, தள்ளுடா" என்றார். பொன்னுரங்கத்தின் படகு பாதிவழி வருவதற்குள் ஏணியில் ஞானம் இருந்தார். கம்பெனி கைக்கு வந்தது.

அன்று சாயங்காலம் கல்மண்டபமே கூடி நின்று கேட்டது. உயர்ந்த சாமான் தானாகவே ஆறிவிடும், உடம்பில் ரணம் ஆறுகிற மாதிரி என்று ஞானம் விளக்கினார். "வெளிக்கை பட்டிருந்தா இது நடக்குமா? சொல்லு பாய்" என்று அலி அக்பரின் தோளைத் தட்டினார். தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய ரிப்பேரைப் பற்றி வாய்திறக்க முடியாமல் அலி அக்பர் பட்ட பாடு கொஞ்சமல்ல. "கம்பெனி சாமானு அண்ணே" என்று ஒருவழியாக முனகிவிட்டு, கடையைச் சீக்கிரமே மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஞானம் கம்பெனிக்கு வந்தனம் எழுதினார். இன்றைக்கும் காலையில் ஜெபம் முடிந்ததும் முத்திரையைத் தடவுகிறார். தொடுவானத்துக் கப்பலின் பட்டை தெரிகிறது. கட்டைவிரலுக்கு அடியில் கழுகு மாதாவானது மட்டும் தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் போன மாதம் நின்று, பிறகு தானாகவே ஓடத் தொடங்கியதாகச் சொன்னீர்களே, அந்தக் கம்பெனியை நாலு பேரிடம் புகழுமுன் வீட்டம்மாளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்தில்தான் இருப்பார், அதற்குத் துருபீன் வேண்டாம்.