ஜெயிக்கும் என்று சிரித்த முகம்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் நார்மன் அவர்களுக்கு,

கிளிஃபோர்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை பெரிலும் நலம். அங்கே கடற்காற்றில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம்பச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே.

நாய்ப் பந்தயத்துக்குப் போகிறவன் தோற்றுவிடுவோமோ என்று நினைக்கவே கூடாது, பணம் கட்டிய நாயைப் பார்த்து மனசாரச் சிரிக்க வேண்டும், நல்லதை நினைத்தால் நல்லது ஓடிவரும் என்று கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னீர்களே, அன்று என்னைப் பிடித்தது சனி. ஓட்டத்துக்கு முன் ஆளுக்கொரு நிறச் சட்டை மாட்டி நாய்களை நடத்திக் காட்டும்போது எது வயிற்றைக் காலிசெய்கிறதோ அதுதான் இலேசாக ஓடும் என்பது எங்கள் யார்க்‌ஷயரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதைக்கூடப் பார்க்காமல், எந்த நாய் மனசுக்குத் தெம்பு தந்ததோ அதன்மேல் கட்டினேன். ஒன்று கூண்டை விட்டு வரவே யோசித்தது. இன்னொன்று முதல் வளைவிலேயே உருண்டது. மற்றொன்று நாய்கள் துரத்துவதற்காக முன்னால் ஓடவிடும் துணிமுயலை விட்டுவிட்டு, வேலியோரம் சாசேஜ் இறைச்சி தின்றுகொண்டிருந்தவரைத் துரத்தியது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். முயலை ஓட்டுகிறவன், நாயை நடத்துகிறவன், டீக்கடைக்காரி எல்லார்மேலும் சந்தேகம் வந்தது.

பிறகு அந்தச் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது மச்சான். சனிக்கிழமை என்றால் கம்பளி பின்னிக்கொண்டு டி.வி. பார்க்கிற பெரில், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு நானும் வருகிறேன் என்கிறாள். அங்கே போனதும் என் முகத்தையே பார்க்கிறாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு டீ வாங்கப் போவாள், டீ இல்லாமல் திரும்புவாள். புதுக் கோட்டு வேறு. யார் வாங்கித் தந்தது என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டு, பதில் கிடைத்துவிட்டால்? இந்த வயதில் அவள் போய்விட்டால் நான் ஒண்டிக்கட்டை, முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாதவன். போன வாரம் பயந்து பயந்து பின்னாலேயே போனேன். பந்தயப் பணம் பிடிக்கிற பெர்சி, "வா கண்ணு, வழக்கம்போலத்தானா?" என்றான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினேன்.

"ஆமா பெர்சி," என்றாள் பெரில். "எங்க வீட்டுக்காரர் இன்னிக்குக் கருப்புச் சட்டை நாயைப் பாத்துச் சிரிக்கிறாரு. அது ஜெயிக்காதுன்னு என் பணத்தைப் பிடிச்சுக்க."

கையும் களவுமாகப் பிடித்தேன். அவள் பதறவே இல்லை. "நீங்க பாட்டுக்குச் சிரிங்க கிளிஃப். நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா குடும்பம் எப்படி நடக்கும்?" என்றாள்.

ஆக, உங்கள் உபதேசத்துக்குப் பலன் உண்டு. எனக்கு எதிராகக் கட்டுகிறவர்களுக்கு. அண்ணனும் தங்கையும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீங்களோ என்றுகூடத் தோன்றுகிறது. இனி அந்தப் பேச்சோடு என் வாசற்படி மிதிக்க வேண்டாம். உங்கள் வீட்டம்மா வினிஃப்ரெட்டுக்கும் பூனைக்கும் என் விசாரிப்புகள். கடவுள் உங்கள் மூட்டுகளைக் காக்கட்டும்.

அன்புடனும் சந்தேகத்துடனும்,
கிளிஃபோர்டு

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது. நடக்கும்போதே வயிற்றைக் காலிசெய்த சிவப்புச் சட்டை நாய்மேல் ரகசியமாகக் கட்டிவிட்டு, பெரிலை ஏமாற்ற, நிற்கவே சோம்பல்பட்ட கோடு போட்ட சட்டை நாயைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன். கோடு போட்டதுதான் ஜெயித்தது; என் பணமும் போச்சு, அது ஜெயிக்காதென்று கட்டிய பெரிலின் பணமும் போச்சு. இரண்டு பேரும் ஒரே பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலைப் பங்கு போட்டுக்கொண்டு நடந்தே வீடு வந்தோம். "உங்க சிரிப்பையே நம்ப முடியலைன்னா, இனிமே நான் எதைத்தான் நம்புறது?" என்று வழியெல்லாம் புலம்பினாள். எனக்கும் தாங்கவில்லை. மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள் மச்சான். வருகிற சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள்; மனசாரச் சிரிப்பது எப்படி என்று மறுபடியும் சொல்லிக் கொடுங்கள். பெரிலும்தான் கேட்டுக்கொள்கிறாள்.