ஷாஹித் வாங்கிய முதல் பரிசு

ஜாலான் புசார், சிங்கப்பூர்
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் ஹுசைன் அவர்களுக்கு, அஹமது கபீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் பிள்ளைகளும் கடையும் நலம். நாகூரில் நீங்களும் என் தங்கை ஃபஸீலாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். ஃபோனில் சொன்னால் ஃபஸீலா பக்கத்தில் நின்று கேட்பாள். அதோடு, இதைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருந்தால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் தம்பி ஷாஹிதை சர்ச்சில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டேன், வகுப்பிலேயே அவன்தான் முதல் ஆள் என்று போன மாதம் சொன்னேன். நீங்கள் தெருவுக்கே இனிப்பு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். மச்சான், ஷாஹித் அந்த வகுப்பு வாசலை மிதித்ததே இல்லை. முதல் ஆளாக வந்தது நான்.

ஆறு மாதத்துக்கு முன் ஷாஹித் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தான். வேலை செய்பவர்களுக்கு சர்ச்சில் இலவசமாக இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள், எந்த மதத்தாரும் வரலாம், சனிக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரம் விட்டால் போதும் என்றான். சனிக்கிழமை கடையில் கூட்டம், முடியாது என்றேன். நோட்டீஸை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முப்பது வருஷமாக ஹார்ட்வேர் கடை நடத்துகிறேன், இங்கிலீஷ் பேசுவேன், படிக்கத் தெரியாது. பெட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆணியும் பசையும் எடுத்துக் கொடுப்பது. கம்பெனிக்காரன் நிறத்தை மாற்றிவிட்டால் அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி வந்துவிடும், ஷாஹித் கடையைப் பார்த்துக்கொள்வான். ஆக, அந்தச் சனிக்கிழமை, தஞ்சோங் பகாரில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும் என்று அவனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு நேரே சர்ச்சுக்குப் போனேன். ஹெப்சிபா டீச்சர், தமிழ்க்காரம்மா, ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, பெயரும் வேலையும் சொல்லுங்கள் என்றார். முதலாளி என்று சொல்ல வாய் வரவில்லை. ஷாஹித், ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் வேலை என்றேன். முடிந்தது.

பொய் சொல்வது சுலபம் மச்சான், அதோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். சனிக்கிழமைதோறும் ஷாஹிதிடம் அதே தஞ்சோங் பகார் வாடிக்கையாளர்தான். வகுப்புக்குத் தாமதமாகப் போனால், முதலாளி விடவில்லை என்றேன். வீட்டுப்பாடம் செய்யாத அன்றும் முதலாளிதான். ஒருநாள் உங்கள் முதலாளியைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசுங்கள் என்றார்கள். எனக்கு என்ன தோன்றும்? ஷாஹித் ஸ்டோருக்குள் முணுமுணுப்பதைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மூன்று பேருக்கு இரண்டு டீ வாங்குவார், லீவு கேட்டால் காது கேட்காது, தப்பு அவருடையதென்றாலும் திட்டு எனக்குத்தான். பக்கத்திலிருந்த சீனப் பாட்டி என் முதுகைத் தடவி, பாவம் லா என்று தான் தின்ன வைத்திருந்த கறிபப் பலகாரத்தைக் கொடுத்தார். அதையும் தின்றேன்.

பரிசளிப்பு நாளில் ஃபோட்டோ எடுப்பார்கள் என்று பயந்து நான் போகவில்லை. முதலாளிதான் விடவில்லை என்று டீச்சர் முடிவுகட்டி, நேற்று அந்த முதலாளியை இரண்டு கேள்வி கேட்கக் கடைக்கே வந்துவிட்டார். நான் ஸ்டோருக்குள் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். ஷாஹித் இருக்காரா என்று கேட்டார். நான்தான் என்றான் உங்கள் தம்பி. இல்லப்பா, அவரு வயசானவரு, வழுக்கை, எப்பவும் காதுல பென்சில் வச்சிருப்பாரே என்றார். ஷாஹித் ஸ்டோர் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு டீச்சர் சொன்னார்: "இந்த வயசுல படிக்கணும்னு வர்ற மனுஷனை வாரம் ரெண்டு மணி நேரம் விட்டா உங்க மொதலாளிக்கு என்னப்பா குறைஞ்சிடும்?"

ஷாஹித் ஒரு வார்த்தையில் என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். அவன் சொன்னது: "மொதலாளி நல்லவருதான் டீச்சர். நான் சொல்லிப் பாக்குறேன்."

டீச்சர் போனதும், அவர் கொடுத்துவிட்டுப் போன முதல் பரிசு சர்டிஃபிகேட்டை என் முன்னால் வைத்தான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஷாஹித் என்று போட்டிருந்தது. நானாகவே முழுசாகப் படித்த முதல் இங்கிலீஷ் காகிதம் அது, மச்சான்.

"இருந்த ஒரு எடத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா மொதலாளி?" என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், என்னை நம்பிக் கடல் தாண்டி வந்தவன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், விற்காத பூட்டுகளை எல்லாம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வரும் சனிக்கிழமை அவனை நானே அழைத்துப்போய், டீச்சரிடம் உண்மையைச் சொல்லி, அவன் பெயரை அவனிடமே ஒப்படைப்பேன். இனிமேல் பொய்யே கிடையாது. நீங்கள் மன்னிக்காவிட்டாலும் ஃபஸீலாவிடம் சொல்லாமல் இருங்கள். உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும், உங்கள் துஆவில் இந்த வெட்கம் கெட்டவனுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
அஹமது கபீர்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. சொன்னபடியே ஷாஹிதைக் கூட்டிப்போய், இவன்தான் உண்மையான ஷாஹித் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் கோபப்படவே இல்லை. அவனைச் சேர்த்துக்கொண்டார். என்னையும் அடுத்த வகுப்புக்கு வரச் சொல்லி, "வெட்கப்படாம உங்க பேரைச் சொல்லுங்க" என்றார். வகுப்பு மொத்தமும் என்னையே பார்த்தது. நானே அந்த முதலாளி என்று எப்படிச் சொல்வேன்? ஹுசைன் என்றேன். ஷாஹித் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். உங்கள் ஃபோன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாராவது கூப்பிட்டு, உங்கள் முதலாளி இப்போதாவது ஒழுங்காக நடத்துகிறாரா என்று கேட்டால், பரவாயில்லை என்று சொல்லிவையுங்கள்.